கேம் படமாகும்போது எங்கே உடைகிறது? கேள்வி பதில்

வீடியோ கேம்களைத் திரைக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல்கள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரின் முதல் சீசனை இன்னும் பார்க்காதவர்கள் மூன்றாவது பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜாய்ஸ்டிக்: அன்சார்ட்டட் கேமே சினிமா மாதிரிதானே சார் இருக்கும்? அப்படியே எடுத்தாலே போதுமே. 2022ல வந்த படம் ஏன் அவ்வளவு சுமாரா இருந்துச்சு?

பதில்: சினிமா மாதிரி இருந்ததுதான் சிக்கல். புதையல் தேடும் சாகசப் படங்களின் வாரிசு அந்த கேம். அந்தப் படங்களில் இல்லாத ஒன்றை அது கூட்டியது: தொங்குவது நீங்கள். மூன்றாம் பாகத்தில் (2011) சரக்கு விமானத்தின் பின்கதவு திறந்து பெட்டிகள் வெளியே தொங்கும். அதைப் பிடித்து மேலே ஏறுவது உங்கள் கட்டைவிரல். படமும் அதே காட்சியை எடுத்துக்கொண்டது. ஆனால் தியேட்டரில் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. ஹீரோ சாகமாட்டார் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். கேம் கூட்டியதைக் கழித்துவிட்டால், அது யாரிடம் கடன் வாங்கியதோ அந்தப் பழைய படம்தான் மிஞ்சும். வசூல் ஏறத்தாழ 40 கோடி டாலர், ஆகவே தோல்விப் படம் என்று சொல்ல முடியாது. சினிமாத்தனமான கேம்தான் சுலபம் என்று இறங்குகிறவர்கள் மட்டும் ஒருமுறை யோசிக்கட்டும்.

பக்கம்110: அப்ப எதைத்தான் எடுக்கணும்? ஒரு 15 மணி நேர கேமை வச்சு ரெண்டு மணி நேரத் திரைக்கதை எழுதிப் பழகலாம்னு பார்க்கிறேன். எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: கதைச்சுருக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள், கையில் ஆரம்பியுங்கள். கேமை ஒருமுறை முழுதாக ஆடுங்கள். பிறகு வேறு யாராவது பேச்சில்லாமல் ஆடிப் பதிவுசெய்த காணொளியை ஓடவிட்டு, அரை மணிக்கு ஒரு வரியாக, நெடுக்கே கோடு கிழித்து மூன்று பத்தியாகப் பிரித்த தாளில் குறியுங்கள். ஆடுபவரின் கை என்ன செய்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, கதையில் புதிதாக என்ன தெரிந்தது. 15 மணிக்கு 30 வரி வரும்.

மூன்றாவது பத்தியை மட்டும் சேர்த்துப் படித்தால் விக்கிப்பீடியா சுருக்கம் கிடைக்கும். படுத்த படங்களில் பாதி அதைப் படமாக்கியவைதான். நீங்கள் முதல் பத்தியைப் பாருங்கள். ஏதோ ஒரு வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும்: ஒளிவது, பொறுக்குவது, ஏறுவது, யாரையோ சுமப்பது. அந்த வினைதான் கேம். அதை ஒரு கதாபாத்திரத்தின் ஆசையாகவோ பயமாகவோ மாற்ற முடிந்தால் கையில் படம் இருக்கிறது. முடியவில்லையா, வேறு கேம் தேடுங்கள்.

அடுத்து பக்கக் கணக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது தோராயமான வாய்ப்பாடு. 110 பக்கத்தில் 40 முதல் 60 காட்சி வரை வைக்கலாம். கேமில் 12 இடங்கள் இருந்து, யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்பது பக்கம் பங்கிட்டால் சுற்றுலா பஸ்தான் ஓடும். மூன்று இடம் எடுத்து, ஒவ்வொன்றிலும் 25 பக்கம் தங்குங்கள்.

எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. சாவி கிடைத்தால் கதவு, கதவுக்குள் வரைபடம், வரைபடத்தில் கல். ஆடும்போது இது அலுக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் உங்களுக்கு வேலை இருக்கிறது. திரையில் அந்த வேலையை எடுத்துவிட்டால் 'அப்புறம், அப்புறம்' என்று போகும். இரண்டு காட்சிக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' என்று எழுதிப் பாருங்கள். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் இரண்டில் ஒன்றை வெட்டலாம்.

எழுதி முடித்ததும் கேமே ஆடாத ஒருவரிடம் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இவனுக்கு என்ன வேண்டும்? யார் தடுக்கிறார்? கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவதுக்கு 'உலகம் அழிந்துவிடும்' என்று மட்டும் பதில் வந்தால் இன்னும் ஒரு சுற்று எழுத வேண்டும்.

ரீஸ்பான்: லாஸ்ட் ஆஃப் அஸ்ல நிறைய மாத்தினாங்க, ஆனா யாரும் பெரிசா சண்டை போடல. ஹாலோல ஹெல்மெட்டைக் கழட்டினதுக்கே ரகளை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: ஓரவஞ்சனை இல்லை. எதை மாற்றினார்கள் என்பதில்தான் வித்தியாசம். லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் பூஞ்சை வித்துகள் காற்றில் பரவும், உள்ளே போக முகமூடி போட வேண்டும். 2023 தொடரில் வித்துகளை எடுத்துவிட்டு, இழைகளாகப் பரவும் பூஞ்சையை வைத்தார்கள். காட்சிக்குக் காட்சி முகமூடி போட்டால் நடிகரின் முகம் போய்விடும், முகம் போனால் தொடரே போச்சு. மூன்றாவது எபிசோடில் பில், ஃபிராங்க் இருவரின் கதை முற்றிலும் மாறியது. கேமில் ஃபிராங்க்கைப் பிணமாகத்தான் பார்ப்போம், கூடவே ஒரு கசப்பான கடிதம். தொடரில் ஏறத்தாழ ஒரு முழு எபிசோடே அவர்கள் வாழ்க்கைக்கு. சம்பவம் மாறினாலும், 'ஒருவரைக் காப்பாற்றுவதற்காக வாழ்வது' என்ற கேமின் வினை அப்படியே நின்றது. துப்பாக்கிச் சண்டைகளையும் வெகுவாகக் குறைத்தார்கள். ஆடும்போது நூறு பேரைச் சுடலாம். பார்க்கும்போது அந்த நூறாவது ஆளுக்கு எடை இருக்காது.

ஹாலோ கேமின் நாயகன் மாஸ்டர் சீஃபின் ஹெல்மெட் வெறும் உடுப்பு இல்லை. அது ஆடுகிறவர் உட்காரும் இருக்கை. 2022 தொடரின் முதல் எபிசோடிலேயே அதைக் கழற்றினார்கள். பல மணி நேர நாடகத்துக்கு முகம் வேண்டும் என்ற நியாயம் தயாரிப்புத் தரப்பில் இருக்கிறது. ஆனால் முகம் தெரியாமலும் நடத்தலாம் என்பதற்கு, நாயகன் ஹெல்மெட்டை அரிதாகவே கழற்றும் மாண்டலோரியன் தொடர் இருக்கிறது. அங்கே பக்கத்தில் ஒரு குழந்தையை வைத்து, உணர்ச்சியை அதன் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஹாலோ இரண்டு சீசனோடு நின்றது.

இன்னொரு வழியை ஃபால்அவுட் தொடர் (2024) பிடித்தது. எந்த கேமின் நாயகரையும் தொடவில்லை. அதே உலகம், அதே வால்ட் (நிலத்தடிப் பதுங்குமிடம்), அதே கறுப்பு நகைச்சுவை, ஆட்கள் மட்டும் புதியவர்கள். கேமில் நாயகரை ஆடுகிறவரே உருவாக்குகிறார் என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒவ்வொருவர் மனதிலும் ஒரு நாயகர் இருக்கும்போது, நீங்கள் கொண்டுவரும் யாரும் தவறான ஆளாகத்தான் தெரிவார்.

நீலமுள்: சோனிக்கை மாத்தின கதை உண்மையா, இல்ல விளம்பர உத்தியா?

பதில்: விளம்பரத்துக்காகப் பட வெளியீட்டை மூன்று மாதம் தள்ளமாட்டார்கள். நீல முள்ளெலி சோனிக் படத்தின் முதல் டிரெய்லர் 2019 ஏப்ரல் 30 அன்று வந்தது, உருவத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். இரண்டு நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் வடிவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரி 14க்குப் போனது. புது வடிவத்துக்குத் தலைமை தாங்கிய டைசன் ஹெஸ், ஏற்கெனவே சோனிக் காமிக்ஸ் வரைந்தவர்.

தப்பு எங்கே என்றால், கேமில் சோனிக்கின் இரண்டு கண்ணும் ஒரே வெள்ளைப் பரப்பில் ஒட்டியிருக்கும். 'நிஜமாக' இருக்கட்டும் என்று அதைப் பிரித்துச் சின்னதாக்கி, மனிதப் பல்லை வைத்து, கையுறையை எடுத்துவிட்டு வெள்ளை ரோமம் போட்டார்கள். நிஜமும் இல்லை, பொம்மையும் இல்லை என்ற நடுவில் நின்றது. இதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு. உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கி இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் அச்சடியுங்கள். கேம் ஆடிய பிள்ளை பெயரைச் சொல்லவில்லை என்றால் நடிகர்களைக் கூப்பிடும் முன்பே திருத்திவிடுங்கள். படப்பிடிப்புக்குப் பிறகு உயரம் மாறினால், நடிகர் பார்த்து நடித்த இடத்தில் அந்த உருவத்தின் கண் இருக்காது.

சேவ்பாயின்ட்: ஊவே போல் எடுத்த படமெல்லாம் அடி வாங்கியும் அவருக்கு மட்டும் எப்படிப் பணம் வந்துட்டே இருந்துச்சு?

பதில்: கேம்களை வைத்து வரிசையாகப் படம் எடுத்த ஜெர்மன் இயக்குநர் அவர். காரணம் அப்போதைய ஜெர்மனி வரிச் சட்டம். திரைப்பட நிதியில் போட்ட முதலீட்டை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2005ல் அந்தச் சலுகைக்குக் கத்தரி விழுந்தது.

குழாய்க்காரன்: 1993 மரியோவுக்கும் 2023 மரியோவுக்கும் பணம் தவிர என்ன வித்தியாசம்?

பதில்: விளக்கம். 1993ல் நிஜ நடிகர்கள். பாப் ஹாஸ்கின்ஸ் மாதிரி ஒரு நல்ல நடிகர் மரியோவாக நின்றால், 'இந்தக் காளான் ஏன் இப்படி? ஆமை ராஜா எங்கிருந்து வந்தார்?' என்ற கேள்வி தானாக வரும். பதில் சொல்லப்போய் டைனோசார் வம்சம், இருண்ட மாற்று நகரம் என்று போனார்கள். படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதை மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்க வசூல் சுமார் 2.1 கோடி டாலர். 2023ல் அனிமேஷன், 92 நிமிடம். மரியோவை உருவாக்கிய நின்டெண்டோவின் மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவர். காளான் சாப்பிட்டால் பெரியவனாகிறான், முடிந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வசூல் 136 கோடி டாலர். கதை என்று பார்த்தால் அந்தப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல்ஆள்: கேம்ல வர்ற மாதிரி முழுக்க நாயகன் கண் வழியாவே படம் எடுத்தா என்ன?

பதில்: டூம் (2005) படத்தில் சில நிமிடம் அப்படி வரும், படத்தில் பலருக்கும் நினைவிருப்பது அதுதான். நீளமாக வைத்தால் இரண்டு தொல்லை. ஆடும்போது பார்வையைத் திருப்புவது உங்கள் கை, எனவே மூளை அதை முன்கூட்டியே எதிர்பார்க்கும். தியேட்டரில் யாரோ திருப்புகிறார்கள், பலருக்குக் குமட்டும். இரண்டாவது, ஒருவர் பயப்படுகிறார் என்பதை அவர் முகத்தில்தான் படிக்கிறோம். இந்தக் கோணத்தில் அந்த முகமே இல்லை. வைத்தே ஆகவேண்டுமானால் ஐந்து நிமிடத்துக்குள், கேமரா வேகமாகத் திரும்பாமல், நடுவில் கண்ணாடியோ தண்ணீரோ வைத்து ஒருமுறையாவது முகத்தைக் காட்டிவிடுங்கள்.

பாலிகான்: விஎஃப்எக்ஸ் படிக்கிறேன் அண்ணா. கேம் கம்பெனிகிட்ட 3டி மாடலெல்லாம் ரெடியா இருக்குமே, அதையே படத்துல போட்டா செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சமாகாது தம்பி. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி நொடி. படத்தில் ஒரே ஃபிரேமைக் கணினி பல மணி நேரம் எடுத்து உருவாக்கலாம் (ரெண்டர்). கேம் மாடலில் தோல் சுருக்கம், கவசக் கீறல் எல்லாம் நார்மல் மேப் என்ற பூச்சு வேலை. குளோசப்பில் விளிம்பைப் பார்த்தால் பல்கோணம் துருத்தும். முகத்தை அசைக்கும் உள் எலும்புக்கூடான ரிக்கும் கேம் எஞ்சின் தாங்கும் அளவுக்குச் சுருக்கியது.

கேட்டு வாங்க வேண்டியவை வேறு: சுருக்குவதற்கு முன்பிருந்த மூலச் சிற்பக் கோப்பு, முன்-பக்க-பின் தோற்ற வரைபடங்கள், மோஷன் கேப்சரின் (நடிகரின் அசைவுப் பதிவு) மூலத் தரவு, ஒலித் தொகுப்பு. துப்பாக்கி ரீலோட் ஆகும் சத்தம் ரசிகர் காதில் பதிந்திருக்கும், அதை மாற்றிவிடாதீர்கள். அரங்கம் போடும்போது கேம் அளவை அப்படியே எடுக்கவும் கூடாது. ஆளுக்குப் பின்னால் கேமரா நுழைய வேண்டும் என்பதற்காக கேமில் கதவும் நடைபாதையும் நிஜத்தைவிட அகலமாக இருக்கும். அதே அளவில் செட் போட்டால் நடிகர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரித் தெரிவார்கள்.

'நிஜம் போலவே' என்று துரத்தியதற்கு ஃபைனல் ஃபேன்டசி (2001) அனிமேஷன் படம் இருக்கிறது. நாயகி தலையில் சுமார் 60,000 முடிகள், தனித்தனியாக. செலவு 13.7 கோடி டாலர், வசூல் 8.5 கோடி. ஹொனலூலுவில் இருந்த ஸ்டுடியோ மூடப்பட்டது. கேமில் ரசிகர்கள் நேசித்த மாயமும் விசித்திரப் பறவையும் படத்தில் இல்லை. முடி மட்டும் இருந்தது.

ஓர்க்: வார்கிராஃப்ட் படம் 43.9 கோடி டாலர் வசூலிச்சுது. அப்புறம் ஏன் அடுத்த பாகம் வரல?

பதில்: எங்கே வசூலித்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் சுமார் 4.7 கோடி, சீனாவில் ஏறத்தாழ 22 கோடி. சீனத் திரையரங்கு வசூலில் அயல்நாட்டு ஸ்டுடியோவுக்குக் கிடைப்பது சுமார் நாலில் ஒரு பங்குதான். செலவோ 16 கோடி, விளம்பரம் தனி. படத்தைப் பொறுத்தவரை, ஆரம்பத்திலேயே இரண்டு உலகம், இரண்டு இனம், ஒரு பச்சை மந்திரம், ஒரு காவலர், ஏழெட்டுப் பெயர்கள். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடியவருக்கு அது உறவினர் கல்யாணம். மற்றவருக்கு யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாத மண்டபம்.

குறும்படம்: நண்பர் ஒருத்தர் சின்னதா ஒரு கேம் பண்ணி வெளியிட்டிருக்கார். அதை வச்சுப் படம் எடுக்க அவர் வாய்மொழியா சரின்னுட்டார். போதுமா?

பதில்: போதாது, நண்பர் என்பதால் இன்னும் போதாது. முதலில் ஆப்ஷன் ஒப்பந்தம்: 12 முதல் 18 மாதத்துக்குப் படமாக்கும் உரிமையை ஒதுக்கிவைப்பது, ஒருமுறை நீட்டிக்கும் வசதியோடு. அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை அவருக்கே திரும்பும் என்று எழுதுங்கள். படத்துக்காக நீங்கள் புதிதாக உருவாக்கும் கதாபாத்திரம் அடுத்த கேமில் வரலாமா, அது யாருடையது என்பதையும் இப்போதே எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

அதைவிட முக்கியம், அவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பது. இசையமைப்பாளர் கேமுக்கு மட்டும் உரிமை கொடுத்திருக்கலாம். கடையில் வாங்கிய மாடல், எழுத்துரு எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமம். கேமில் நிஜ கார் ஓடினால் அந்தக் கார் கம்பெனியின் அனுமதி படத்துக்குத் தானாக வராது.

மறுபடியும்: தமிழ்ல இந்த மாதிரி ஏதாவது?

பதில்: கேமைத் தழுவாமல் கேமின் விதியை எடுத்துக்கொண்டவை உண்டு. கேம் ஓவர் (2019) படத்தில் நாயகி கேம் வடிவமைப்பாளர், அவருக்கு மூன்று உயிர். மாநாடு (2021) செத்தால் மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கும் கதை. நீங்கள் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சுருங்க வேண்டும், ஒவ்வொரு சாவிலிருந்தும் ஒரு தகவலாவது கையோடு வரவேண்டும்.

ஈஸ்டர்எக்: ரசிகர்களுக்காக ஒளிச்சு வைக்கிற விஷயங்கள் எவ்வளவு இருக்கலாம்?

பதில்: எண்ணிக்கை முக்கியமில்லை. நடிகருக்குப் பின்னால், சுவரில், வானொலியில், கடைப் பலகையில் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். கேமரா அதற்காக நிற்கக் கூடாது, யாரும் அதை வாயால் சொல்லக் கூடாது. எடிட்டிங் மேசையில் அந்தப் பொருளை மறைத்துவிட்டு அதே ஷாட்டை ஓட்டிப் பாருங்கள். ஷாட்டுக்கு வேலையே இல்லாமல் போனால் வெட்டிவிடுங்கள்.