ஏசி குழாயில் பனி கட்டினால் கேஸ் குறைவு என்று அர்த்தமா?

கேள்வி: நெடுந்தூரம் போகும்போது முதல் அரை மணி நேரம் கார் ஏசி நன்றாகக் குளிர்கிறது. அப்புறம் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் ப்ளோயர் சத்தம் மட்டும்தான் மிச்சம். பானட்டைத் திறந்து பார்த்தால் தடித்த அலுமினியக் குழாய் மேல் வெள்ளையாகப் பனி. கேஸ் குறைவு என்று சொல்லி மெக்கானிக் இரண்டு முறை ஏற்றிவிட்டார். சில நாளில் மறுபடியும் அதே கதை. இன்னொரு முறை ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். குளிர் குறைகிறது என்று நீங்கள் சொல்லவில்லை, காற்று குறைகிறது என்கிறீர்கள். இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் மெக்கானிக் காதில் வாங்கவில்லை.

பனி கட்டுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில். வெளியே குழாயில் தெரிவது அதன் நீட்சிதான். காயிலின் தகடுகளுக்கு நடுவே பனி அடைத்துக்கொண்டால் ப்ளோயர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வர வழியில்லை. அடுத்த முறை இப்படி ஆனதும் ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் நிறையச் சொட்டி, காற்றும் பழையபடி வந்தால் காயில் உறைந்திருந்தது உறுதி.

காயில் ஏன் உறைகிறது? முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர் மேல்தான், அதாவது உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர். காயில் மேல் போதுமான காற்று படாவிட்டால் அது 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், காற்றில் உள்ள ஈரம் அதன் மேலேயே பனியாகும். பெரும்பாலான வண்டிகளில் இந்த ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. சர்வீஸ் பில்லில் 'சோதிக்கப்பட்டது' என்று டிக் அடித்திருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் இலைச்சருகும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். அந்த டிக்கை நம்பாதீர்கள், நீங்களே கழற்றிப் பாருங்கள். கையால் கழற்றக்கூடிய ஒரு பொருளை ஏன் இவ்வளவு ஒளித்துவைக்கிறார்கள் என்பது கம்பெனிக்காரர்களுக்கே வெளிச்சம்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பனி கட்டினால், அடுத்தது காயிலில் செருகியிருக்கும் சின்ன சென்சார். காயில் உறைநிலையை நெருங்கும்போது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது இதன் வேலை. அது பழுதானாலோ, இடம் விட்டு நழுவினாலோ கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், காயில் ஐஸ் பெட்டியாகிவிடும்.

சரி, கேஸ் குறைந்தாலும் பனி கட்டுமா? கட்டும். உங்கள் மெக்கானிக் சொன்னது முழுப் பொய் இல்லை. பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், கேஜில் (அழுத்தம் அளக்கும் மீட்டரில்) சுமார் 2 பார் அழுத்தம் காட்டும்போது 0 டிகிரியில் கொதிக்கும். கேஸ் குறைந்து அழுத்தம் விழுந்தால் கொதிநிலையும் அதற்குக் கீழே போய்விடும். ஆனால் ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோக. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் இரண்டு முறை ஏற்றினார் என்றால் அவர் ரிப்பேர் செய்யவில்லை, விற்றிருக்கிறார். குறையாத கேஸின் மேல் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். அளவுக்கு மிஞ்சினால் அழுத்தம் எகிறி, குளிரும் குறைந்து, கம்ப்ரஸரும் அடிவாங்கும். பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதை முழுவதும் எடுத்து, வேக்கம் போட்டு (மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து), அந்த எடையை நிறுத்து ஏற்றுவதுதான் சரியான முறை. 'கையால் தொட்டே சொல்லிடுவேன்' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கசிவை அடைக்கும் பசை கலந்த கேன்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். அந்தப் பசை உள்ளேயே இறுகி வால்வை அடைத்துவிடலாம். அது போட்ட வண்டி என்று தெரிந்தால் பல ஒர்க்‌ஷாப்களில் தங்கள் மெஷினையே மாட்ட மாட்டார்கள்.

வேக்கம் போடாமல் ஏற்றினால் ஈரம் உள்ளே தங்கி, காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறையும். அப்போது காற்று முழு வேகத்தில் வரும், ஆனால் சூடாக வரும். உங்களுடையது அது இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்து நல்ல பாகங்களையே மாற்றிவிடுகிறார்கள். தடித்த குழாய் ஜில்லென்று வியர்ப்பது இயல்பு. மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதில் பனி தெரிந்தால், சூடு மாறிக் குளிர் தொடங்கும் இடத்தில் அடைப்பு என்பது பொது விதி; பெரும்பாலும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர். ஆனால் சில வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் வால்வே கிடையாது. அதற்குப் பதில் மெல்லிய குழாய்க்குள்ளேயே ஆரிஃபிஸ் ட்யூப் என்ற சின்னத் துண்டு இருக்கும். பல வண்டிகளில் குழாய் மேல் அந்த இடத்தில் சில பள்ளங்கள் தெரியும். அதைத் தாண்டிக் காயில் வரை குழாய் குளிர்ந்துதான் ஆக வேண்டும், அது அடைப்பு இல்லை. இந்த அமைப்பில் ட்ரையரும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் பக்கம் இருக்காது. காயிலுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே பெரிய டப்பாவாக இருக்கும், அதுவும் வியர்க்கும். இரண்டையும் காட்டி 'அடைப்பு' என்று சொன்னால் உங்கள் வண்டியில் எந்த அமைப்பு என்று முதலில் கேளுங்கள்.

இப்போதைக்கு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காரணம் அது இல்லை என்றால் கேஜ் மாட்டி இரண்டு பக்க அழுத்தத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காயிலையே மாற்ற வேண்டும் என்று டேஷ்போர்டைக் கழற்றக் கிளம்பினால், அதற்கு முன் சென்சாரை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டைத் தொடாமல் கால் வைக்கும் பக்கத்திலிருந்தே சென்சாரை எடுத்துவிடலாம்.