தேயிலைச் சுருளைப் பிரித்துப் பாருங்கள், மருந்தை அப்புறம் யோசிக்கலாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கொழுந்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சில இலைகள் நுனியிலிருந்து சுருண்டிருக்கின்றன. உள்ளே புழு. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரு புழு அல்ல, இரண்டு. மொட்டையும் அடுத்த இலைகளையும் நூலால் கட்டிப் பொட்டலமாக்குவது கொழுந்துப் புழு. இலை நுனியைக் கீழ்ப்புறமாகக் கூம்பு போல உருட்டுவது இலைச்சுருட்டுப் புழு. அந்தக் கூம்பைப் பிரித்தால் கறுப்பு மணல் மாதிரி எச்சம் கொட்டும். அது கொழுந்தோடு ஃபேக்டரிக்குப் போனால் தூளின் தரம் கெடும்.

இன்னொன்றும் உண்டு: முதிர்ந்த இலைகளைச் சேர்த்துக் கட்டும் டார்ட்ரிக்ஸ். இதுவும் கொழுந்துப் புழுவும் டார்ட்ரிசிடே குடும்பம். இலைச்சுருட்டி வேறு குடும்பம். டார்ட்ரிக்ஸ் அந்துப்பூச்சி சிறகை மடக்கி உட்கார்ந்தால் மணி வடிவில் தெரியும். முட்டைகள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக, இலையோடு ஒட்டி இருக்கும். புழுவைத் தொட்டால் பின்னோக்கித் துள்ளி, நூலில் தொங்கி இறங்கிவிடும்.

சரி, மருந்து? சுருளுக்குள் இருக்கும் புழு மீது தெளிப்பு சரியாகப் படாது. புழுவில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் வெளியே திரியும், அவைதான் முதலில் சாகும். இலங்கையில் இது நடந்தே இருக்கிறது. டார்ட்ரிக்ஸை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு நன்றாகவே அடங்கியது. பிற்பாடு தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தபோது குளவிகள் அழிந்து, டார்ட்ரிக்ஸ் மறுபடி பெருகியது.

அதனால் கையால் பறிப்பதையே நம்புங்கள். பறிப்புச் சுற்றை ஏழெட்டு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். சுருண்ட கொழுந்தைத் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். அதை எரிக்க வேண்டாம். ஒரு டிரம்மில் போட்டு வாயில் கொசுவலை கட்டி வையுங்கள். சிறு குளவிகள் வலைக்கண் வழியே வெளியேறும், அந்துப்பூச்சி உள்ளேயே கிடக்கும்.

அடுத்த பறிப்பில் இருபது சுருளைப் பிரித்துப் பாருங்கள். புழுவுக்குப் பக்கத்தில் அரிசி மாதிரி வெள்ளைக் கூடு இருந்தால் அது குளவியின் கூடு. பாதிச் சுருளில் அது இருந்தால் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். எதுவும் இல்லாமல் புழு ஏறிக்கொண்டே போனால் மட்டும், தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதிமுறையில் உள்ள மருந்தாகப் பார்த்து, பாதித்த பாத்தியில் மட்டும் அடியுங்கள்.