உழாத வயலுக்கு நன்றி சொல்லலாமா?

கேள்வி: என் கணவரின் ஊர் மன்னார்குடி பக்கம். நாங்கள் இருப்பது சென்னையில். மாமியார் இருந்தவரை எங்கள் வயலில் விளைந்த புது அரிசியில்தான் பொங்கல் பொங்கும். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். போன பொங்கலுக்குக் குத்தகைக்காரர் கொடுத்தனுப்பிய புது அரிசியைக் குக்கரில் வைத்தேன், கூழாகிவிட்டது. இந்த வருடம் ஊருக்கே போய்ப் பொங்கலாம் என்று இருக்கிறோம். மறுபடி அவரிடம் அரிசி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கடைப் பச்சரிசியே போதுமா? உழவும் இல்லை, நடவும் இல்லை என்று ஆன பிறகு எங்களுக்கு அறுவடைப் பொங்கல் பொருந்துமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாகப் பொங்குங்கள். சேற்றில் கால் வைக்காமல் சோற்றில் கை வைக்கிறவர்களுக்குத்தான் நன்றி சொல்லும் கடமை கூடுதல். அதை எப்படிச் சொல்வது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அரிசி.

கூழானதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை, தண்ணீர் அளவு. புது அரிசி அதிகம் தண்ணீர் இழுக்காது, சீக்கிரம் குழையும். மாதக்கணக்கில் இருந்து பழசான அரிசிதான் நிறையத் தண்ணீர் வாங்கி உதிரியாக மலரும். அதனால்தான் டெல்டா வீடுகளில் தினப்படி சோற்றுக்குப் பழைய அரிசி, பொங்கலுக்குப் புது அரிசி. கடை அரிசி ஒரு டம்ளருக்கு நாலரை, ஐந்து டம்ளர் வைப்பீர்கள் என்றால், புது அரிசிக்குப் பாலும் தண்ணீருமாக மூன்றரை போதும். ஊற வைக்கவே வேண்டாம். இரண்டாவது முறை களைந்த தண்ணீரைப் பானையில் ஊற்றி, பாலும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். அந்தக் கழுநீர்தான் நுரைத்துப் பொங்கி வரும். பொங்கியதும் இரண்டு கரண்டி தண்ணீரை முகந்து தனியாக வைத்துவிட்டு அரிசியையும், அதில் கால் பங்கு பாசிப்பருப்பையும் போடுங்கள். இறுகினால் முகந்து வைத்ததை ஊற்றிக்கொள்ளலாம். வெல்லம் அரிசியைப் போல இரண்டு பங்கு. கரைத்து, மண் போக வடிகட்டி, அரிசி விரலில் மசியும் பதம் வந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் அரிசி அதற்கு மேல் வேகாது, நறுக் நறுக்கென்று நின்றுவிடும். தீயைத் தணித்துவிட்டு ஊற்றுங்கள், பால் திரியாமல் இருக்கும்.

கூச்சம் வேண்டாம். 'அண்ணே, பொங்கலுக்கு நம்ம வயல் நெல்லு கொஞ்சம் வேணும், விலைக்குத்தான்' என்று மார்கழி பிறந்ததுமே போனில் கேட்டுவிடுங்கள். ஐந்து கிலோ நெல் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ அரிசி தேறும், உங்கள் குடும்பத்துக்கு அது ஏராளம். அரைக்கும்போது உடையும் நொய்யைத் தள்ளிவிடாமல் வாங்கி வாருங்கள், கஞ்சிக்கு அதைவிட நல்லது இல்லை.

ஆனால் ஒன்று. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பதுதான் வழக்கம். அது தள்ளிப்போகிற வருடங்களில் சம்பா நடவும் தள்ளிப்போய், பொங்கலன்று கதிர் பாதிப் பச்சையாகவே நிற்கும். அப்படி இருந்தால் ஐப்பசியில் அறுத்த குறுவை நெல் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையா, வரப்பு ஓரத்தில் முற்றிய கதிராகப் பார்த்து நாலைந்து அறுத்து வாருங்கள். உருவிக் காயவைத்து, உரலில் போட்டுக் குத்திப் புடைத்தால் ஒரு சிட்டிகை அரிசியாவது கிடைக்கும். கடைப் பச்சரிசியில் அதைக் கலந்து பொங்குங்கள். மிச்சக் கதிரை வாசல் நிலையில் கட்டுங்கள், குருவி வந்து கொத்தட்டும்.

இனி நன்றி. சூரியனுக்குப் படைக்கிறோம், மறுநாள் மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறோம், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மனிதர்களை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லி அளப்பார்கள். அந்தக் களத்திலேயே அறுத்தவர்களுக்கும், தச்சர், கொல்லர், வண்ணார் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கும் நெல் அளந்தார்கள். பகிர்வு இருந்தது, ஆனால் அளவில் நியாயம் இருக்கவில்லை. நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதுவும் இதே காவிரிப் பாசனத்து மண்தான். இந்த மண்ணில் விளைந்த அரிசியைப் பொங்கிவிட்டு வானத்தைப் பார்த்து மட்டும் கும்பிட்டு முடிக்க எனக்கு மனம் வராது.

அதனால், பானையை இறக்கிப் படைத்ததும் முதல் தூக்கு குத்தகைக்காரர் வீட்டுக்குப் போகட்டும். நீங்களும் உங்கள் கணவரும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டாம். அறுவடைக்கு இப்போது மெஷின் வந்துவிட்டாலும், நாற்றுப் பறிப்பதும் நடவும் களையும் இன்னும் பல வயல்களில் பெண்கள் கையால்தான் நடக்கின்றன. உங்கள் வயலில் நட்டவர்கள் யார் யார் என்று அவரிடம் கேட்டு, அவர்கள் வீடுகளுக்கும் போய்வாருங்கள். மழையில் பயிர் மூழ்கிய வருடமாக இருந்தால், குத்தகையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று கணவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். குனிந்து நட்டவர்களுக்கும் மகசூலை இழந்தவருக்கும் வாய் வார்த்தையாகச் சொல்லும் நன்றி எந்த விதத்தில் உதவும்?

பொங்கல் குழம்பை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. வெல்லம் போடாத வெள்ளைப் பொங்கலுக்கு அதுதான் ஜோடி. பரங்கி, அவரை, பச்சை மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை, கத்தரி எல்லாம் தை மாதத்தில் கொல்லையிலும் சந்தையிலும் கிடைக்கும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் போடுவது வழக்கம். மொச்சையும் சேனையும் முதலில், அப்புறம் வாழைக்காய், சர்க்கரைவள்ளி, பிறகு அவரை, கத்தரி. பரங்கி கடைசி, இல்லாவிட்டால் கரைந்து காணாமல் போகும். புளி நீர்க்க இருக்கட்டும். மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, தேங்காய் வறுத்து அரைத்து ஊற்றுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். மறுநாள் சுண்டவைத்து, தண்ணீர் ஊற்றி வைத்த பழைய பொங்கலோடு சாப்பிட்டால் முதல் நாளைவிட ருசி.

பானை விஷயம்: மாமியாரின் வெண்கலப் பானை வீட்டில் இருந்தால் அதையே புளி போட்டுத் தேய்த்து எடுங்கள். புது மண்பானை என்றால் இரண்டு நாள் முன்பே ஊருக்குப் போய்விடுங்கள். அதில் கழுநீர் ஊற்றி ஊறவைத்து, ஒருமுறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.