எட்டுக் கால் இருந்தால் சிலந்தியா?

கேள்வி: ஆக்டோபஸுக்கும் சிலந்திக்கும் எட்டுக் கால். இரண்டும் உறவா? ஆக்டோபஸ் மீனே இல்லை, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தது என்றும் வாட்ஸ்அப்பில் வருகிறதே?
— வாசகர், சீர்காழி

பதில்: மீன் இல்லை என்பது மட்டும் சரி. காலை எண்ணிச் சொந்தம் பிடித்தால் உங்கள் வீட்டு நாற்காலியும் பசுமாடும் பங்காளிகள்!

ஆக்டோபஸின் நிஜச் சொந்தம் உங்கள் ஊர் வாய்க்காலிலேயே ஊர்கிறது: ஊமச்சி என்கிற நத்தை. நத்தை, மட்டி, ஆக்டோபஸ் எல்லாமே மெல்லுடலிகள். நத்தை அழுத்தி நகரும் அந்த ஒற்றைப் பாதம்தான் ஆக்டோபஸ் வழியில் தலையோடு ஒட்டி எட்டுக் கைகளானது. அதனால்தான் அந்த வகுப்புக்குத் தலைக்காலி என்று பெயர். பாசி சுரண்ட நத்தைக்கு அரம் மாதிரி ஒரு நாக்கு உண்டு. ஆக்டோபஸின் கிளிமூக்கு மாதிரியான வாய்க்குள்ளும் அதே நாக்கு.

சரி, நத்தைக்கு இருக்கும் ஓடு ஆக்டோபஸுக்கு எங்கே? நாகப்பட்டினம் பக்கம் மீன் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். ஆக்டோபஸின் நெருங்கிய சொந்தமான ஓட்டுக் கணவாயை அறுத்தால் முதுகுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு பலகை வரும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பதும் கிளிக்கூண்டில் தொங்குவதும் அதுதான். நுரையாவது! உள்ளே போய்விட்ட ஓடு அது. ஊசிக் கணவாயில் அதுவே கண்ணாடித்தாள் போல மெலிந்துவிட்டது. ஆக்டோபஸில் அநேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை. மீனவர்கள் அதைப் 'பேய்க்கணவாய்' என்று கணவாய்க் கூட்டத்தில் சேர்த்தது கச்சிதமான வகைப்பாடு. காலேஜுக்குப் போய்க் கற்றதல்ல.

நத்தைக்குத் தொல்காப்பியம் ஈரறிவுதான் தந்தது: தொடுவதும் சுவைப்பதும். ஆக்டோபஸ் தன் உறிஞ்சிகளால் தொட்ட இடத்திலேயே ருசி பார்த்துவிடுகிறது. ஆனால் இரண்டோடு நிற்கிற ஆளில்லை. நல்ல கண், சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்!

இந்தப் புத்திசாலித்தனத்தைப் பார்த்துத்தான் வேற்றுக்கிரகக் கதை கிளம்பியது. ஆக்டோபஸ் முட்டைகள் வால்மீனில் உறைந்து வந்திருக்கலாம் என்று 2018-ல் ஓர் ஆய்விதழில் சிலர் எழுதியது நிஜம். ஆனால் ஆக்டோபஸின் மரபணுத் தொகுப்பை 2015-லேயே படித்தாகிவிட்டது; சில மரபணுக் குடும்பங்கள் ஏகமாகப் பெருகியிருந்தனவே தவிர, மற்றபடி நத்தை, மட்டியின் உறவுதான். அப்புறம் ஆக்டோபஸின் நீல ரத்தம்? செம்பு கலந்த நிறமியால் வருவது. உங்கள் ஊமச்சிக்கும் ரத்தம் நீலம்தான்.