பனிச்சறுக்குக்குக் கடனா? மாமாவின் பங்கை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 36. பிடித்தம் போக 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 31,000. எல்லாச் செலவும் போக மாதம் 12,000 மிச்சமாகும். வரும் ஜனவரி முதல் வாரம் குடும்பத்தோடு காஷ்மீரின் குல்மார்க் போய் பனிச்சறுக்கு விளையாட ஆசை. நான், மனைவி, 8 வயது மகன், மச்சினனும் அவன் மனைவியும், அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என ஒன்பது பேர். நானும் மச்சினனும் உத்தராகண்டின் ஆலியில் ஒரு வாரப் பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்திருக்கிறோம். மற்றவர்கள் பனியையே பார்த்ததில்லை. டூர் நிறுவனம் தலைக்கு 68,000 கேட்கிறது. மாமா, "நீ மொத்தமா போட்டுடு தம்பி, ஊருக்கு வந்து கணக்குப் பாத்துக்கலாம்" என்கிறார். வங்கிச் செயலியில் 6 லட்சம் தனிநபர் கடன் 16 சதவீத வட்டியில் தயாராக இருக்கிறது. டூர் நிறுவனமோ நோ காஸ்ட் இ.எம்.ஐ. (வட்டியில்லாத் தவணை) தருகிறேன் என்கிறது. எது லாபம்? போன வருட ஃபூகெட் பயணத்தில் கிரெடிட் கார்டில் 74,000 நிற்கிறது. அதில் 52,000 மாமா பங்கு. மாதம் 4,000 கட்டி வருகிறேன். 1.5 லட்சத்துக்கு எஃப்.டி. உண்டு.

பதில்: இரண்டு கடனில் எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிரச்சினை கடனே இல்லை, "நான் போட்டுடறேன்" என்ற வழக்கம். ஃபூகெட் கணக்கே இன்னும் முடியவில்லை, அதற்குள் அதே மாமாவுக்காக குல்மார்க்குக்கும் பணம் போடக் கிளம்பிவிட்டீர்கள்.

கார்டில் நிற்கும் 74,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால் 2,590 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 466. ஆக 3,056 வட்டிக்கே போகிறது. நீங்கள் கட்டும் 4,000-ல் அசலில் குறைவது ஆயிரம்கூட இல்லை. மாமா பங்குக்கான வட்டி மட்டும் மாதம் 2,100-க்கு மேல் வருகிறது. அவர் அதைத் தரப்போவதில்லை, நீங்களும் கேட்கப்போவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கார்டில் பாக்கி நிற்கும்போது புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. விமான டிக்கெட்டை அந்தக் கார்டில் போட்டால் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

6 லட்சத்தை 16 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 21,100. மொத்த வட்டி 1.59 லட்சம். 2 சதவீத செயலாக்கக் கட்டணமும் அதற்கு வரியும் சேர்த்தால் இன்னொரு 14,000. வீட்டுக்கடன், கார்டு, இது மூன்றும் சேர்ந்து மாதம் 56,100, அதாவது சம்பளத்தில் 59 சதவீதம். பனியில் நாலு நாள் சறுக்கியதற்கு உங்கள் மகன் ஆறாம் வகுப்பு போகும்வரை தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்ற பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். வட்டியை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிட்டு, பிறகு தள்ளுபடி என்று கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான். மொத்தமாகக் கட்டினால் பேசிக் குறைக்கக்கூடிய தொகையும் கைவிட்டுப் போகும்.

இந்த வாரமே எஃப்.டி.யில் 74,000-ஐ எடுத்துக் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். 7 சதவீதம் சம்பாதிக்கும் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு 42 சதவீதம் வட்டி கட்டுவதில் ஒரு புண்ணியமும் இல்லை. பிறகு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் தொகையும் தேதியும் போட்டு 52,000-ஐக் கேளுங்கள். அக்கா மூலம் ஜாடையாகச் சொல்லும் வேலை வேண்டாம். வந்தால் நேராக எஃப்.டி.க்குப் போகட்டும்.

இனி பயணம். உங்களைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேதியும் பேக்கேஜும் இரண்டுமே தவறு. ஜனவரி முதல் வாரம் புத்தாண்டுக் கூட்டம், அறை வாடகை உச்சத்தில் இருக்கும், பனி இருக்குமா என்பதும் உறுதியில்லை. 2024 ஜனவரி தொடக்கத்தில் குல்மார்க் சரிவுகள் காய்ந்த புல்லாகக் கிடந்தன. டிசம்பர் 21-ல் தொடங்கும் 'சில்லாய் கலான்' என்ற நாற்பது நாள் கடுங்குளிர் ஜனவரி இறுதியில் முடியும். அதற்குப் பிறகு, பிப்ரவரி முதல் பாதியில் போங்கள். 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிவைத்தார்கள் என்பதால் அதுவும் சத்தியம் இல்லை. எனவே அறையை ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கு நாலு நாள் பள்ளி போகும், பரவாயில்லை.

பேக்கேஜில் கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டு கட்டமும், ஒன்பது பேருக்கும் ஐந்து நாள் உபகரணமும் இருக்கும். புதியவர்களுக்கு இரண்டாம் கட்டம் எதற்கு? அது 4,000 மீட்டரை ஒட்டிய அஃபர்வட் மலைமுகட்டில் இறக்கிவிடும். அங்கே இயந்திரம் வைத்துச் சமன்செய்த சறுக்குப்பாதை கிடையாது. 2023, 2024 இரண்டு பிப்ரவரிகளிலும் அந்த மலைச்சரிவுகளில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். ஒரு வாரப் பயிற்சியோடு நீங்களும் மச்சினனும்கூட அங்கே ஸ்கீயோடு (காலில் மாட்டும் சறுக்குப்பலகை) ஏற வேண்டாம். புதியவர்களுக்கு முதல் மூன்று நாளும் கொண்டோலா நிலையத்தை ஒட்டிய தாழ்வான சரிவுகளே போதும், ஏற்றிவிட இழுவை லிஃப்ட் உண்டு. இரண்டு ஸ்கீயின் முன்முனைகளையும் உட்புறமாகச் சேர்த்து 'ஏ' வடிவில் வைத்து நிற்கக் கற்பதற்கே முதல் நாள் போய்விடும். இரண்டாம் நாள் அதே நிலையில் திரும்பக் கற்பார்கள்.

ஆசிரியர் செலவை மிச்சம் பிடிக்க நீங்களே மனைவிக்கும் மகனுக்கும் கற்றுக்கொடுக்க நினைப்பீர்கள். அது வேண்டாம். விழுந்தால் எப்படி எழுவது, எதிரே ஆள் வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதைத் தினமும் சொல்லிக்கொடுப்பவர் வேறு, ஒரு வாரம் கற்றவர் வேறு. அக்காவும் மாமாவும் முதல் நாள் அரை நாளுக்கு மட்டும் உபகரணம் எடுத்துப் பார்க்கட்டும். பிடித்தால் தொடரலாம், அந்தச் செலவு அவர்களுடையது. கீழே அவர்களைச் சறுக்காதவர்களாகவே கணக்கிட்டிருக்கிறேன்.

வாடகை பூட்ஸ் வாங்கும் இடத்தில் அரை மணி நேரம் பொறுமையாக இருங்கள். பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து கேளுங்கள். காலுறை ஒன்றே போதும், இரண்டு போட்டால் மடிந்து கால் புண்ணாகும், ரத்த ஓட்டமும் குறைந்து விரல் விறைக்கும். நேராக நின்றால் விரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. ஸ்கீயின் உயரம் புதியவருக்கு மார்புக்கும் தாடைக்கும் நடுவில் இருந்தால் போதும். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், திறமை எல்லாவற்றையும் பார்த்து அதை வைக்க வேண்டும். முன்னால் எடுத்தவருக்கு வைத்த எண்ணோடு அப்படியே வாங்கி வந்தால், விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் தசைநார் கிழியும். குல்மார்க் ஏறும் வழியிலுள்ள தங்மார்க்கில் வண்டியை மறித்து வாடகைக்குத் தரும் நீள அங்கியும் கம்பூட்ஸும் சறுக்குக்கு உதவாது. தண்ணீர் இறங்காத பேன்ட், கையுறை, பனிக்கண்ணாடி மூன்றையும் கோவையிலேயே தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள்.

தங்குவது குல்மார்க்கில் வேண்டாம், 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் வாடகை குறைவு. கடும் பனியில் அங்கிருந்து மேலே சங்கிலி கட்டிய வண்டி அல்லது ஃபோர் வீல் வண்டிதான் ஏறும், காலையில் நேரம் பிடிக்கும். அதற்கான வண்டிப் பணத்தையும் சேர்த்தே தலைக்குத் தோராயமாகக் கணக்கிட்டிருக்கிறேன், விலையை நீங்கள் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். விமானம் 19,000, ஐந்து இரவு தங்மார்க்கும் ஒரு இரவு ஸ்ரீநகரும் 10,500, வண்டி 4,000, சாப்பாடு 5,000. ஆக 38,500. சறுக்குபவர்களுக்கு நாலு நாள் உபகரணம் 4,800. புதியவர்கள் ஐந்து பேருக்கும் முதல் இரண்டு நாள் இரண்டு ஆசிரியர்கள், அதாவது பிள்ளைகள் மூவருக்கு ஒருவர், பெரியவர்கள் இருவருக்கு ஒருவர். மூன்றாம் நாள் எல்லோருக்கும் ஒருவர். இது தலைக்கு 3,000. லிஃப்டுக்கு 1,200. ஆக இன்னொரு 9,000. உங்களுக்கும் மச்சினனுக்கும் ஆசிரியர் செலவு கொண்டோலா முதல் கட்டத்துக்கு மாறும், தொகை ஏறக்குறைய அதேதான். சறுக்குபவருக்கு 47,500. சறுக்காதவருக்கு ஒருமுறை கொண்டோலா சேர்த்து 39,500. உங்கள் மூவருக்கு 1,42,500, மச்சினன் வீட்டுக்கு 95,000, அக்கா வீட்டுக்கு 1,74,000. மொத்தம் 4,11,500. பேக்கேஜ் 6,12,000. வித்தியாசம் 2 லட்சம்.

உங்கள் பங்கோடு பத்து சதவீதம் கூட்டினால் 1.57 லட்சம். மிச்சமாகும் 12,000-உம் கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 4,000-உம் சேர்த்து எட்டு மாதத்தில் 1.28 லட்சம் வரும். தீபாவளி போனஸில் 35,000 எடுத்தால் முடிந்தது. இதை ஆர்.டி. என்ற வங்கி மாதச் சேமிப்பில் போடுங்கள். ஸ்மால் கேப் எனும் சிறு நிறுவனப் பங்குகளில் போட்டுப் பயணத்துக்குச் சம்பாதிக்கலாம் என்று ரீல்ஸில் சொல்பவர், பிப்ரவரியில் சந்தை இறங்கினால் உங்கள் டிக்கெட்டை எடுத்துத் தரமாட்டார். நீங்கள் பழைய வருமான வரிமுறையில் இருந்து, சம்பளத்தில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படி) கிடைத்தால், உங்கள் குடும்பத்தின் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும் கோரலாம். ஸ்கீ வாடகைக்கு முடியாது.

மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு பொதுவாக அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கே. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் பொழுதுபோக்காக விளையாடுபவரையும் விலக்கலாம். பனிச்சறுக்கு என்ற சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, ஓ.டி.பி.யும் வராது. வீட்டுக்கு ஒரு போஸ்ட்பெய்டும், ஒன்றிரண்டு நாளுக்கு ரொக்கமும் இருக்க வேண்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஸ்ரீநகரில் தங்குவதைச் சிக்கனம் என்று வெட்டிவிடாதீர்கள். பனியில் மலைச்சாலை அடைபட்டால் ஒன்பது டிக்கெட்டும் போகும்.

பணம் திரட்டும் முறை இதுதான். ஒவ்வொரு வீடும் தன் விமான டிக்கெட்டைத் தன் பணத்தில் தானே எடுக்க வேண்டும். அறை, வண்டி, ஆசிரியர் முன்பணத்துக்கு மட்டும் பொதுக் கணக்கு. அதற்கு மூன்று வீடுகளும் அக்டோபர் 31-க்குள் தலைக்கு 10,000 போட வேண்டும், நவம்பர் முதல் வாரத்தில் பதிவு. மாமா அன்றைக்கும் "நீ போடு" என்றால் ஐந்து பேருக்குப் பதிவு செய்யுங்கள். இரண்டு வண்டி ஒன்றாகும், புதியவர்கள் மூவராகிவிடுவதால் ஒரே ஆசிரியர் போதும். தலைக்குச் செலவு சில நூறு ரூபாய்க்கு மேல் மாறாது.