கேள்வி – பதில்: புரதத்தில் ஒட்டிய அசிட்டைலுக்கு வேலை இருக்கிறதா?

கேள்வி: நுண்ணுயிர் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இ.கோலை பாக்டீரியாவின் புரதங்களில் அசிட்டைல் என்னும் சிறு வேதித் தொகுதி ஏறிய இடங்கள் பல நூறு, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் கிடைத்துள்ளன. இந்தப் பட்டியல் ஆய்வேட்டுக்குப் போதுமா?

பதில்: போதாது என்றே கருதுகிறேன். செல்லுக்குள் இருக்கும் அசிட்டைல் பாஸ்பேட் என்னும் மூலக்கூறு, எந்த நொதியின் துணையுமின்றி, புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு தானாகவே வினைபுரியக்கூடியது என்பது 2013-இல் இ.கோலையிலேயே காட்டப்பட்டது. எனவே உங்கள் பட்டியலில் உள்ள இடங்களில் பல, செல் திட்டமிட்டுச் செய்தவையாக இல்லாமல், உணவு மிகுந்த வேளையில் படிந்த கறைகளாகவே இருக்கலாம். முதலில், ஒவ்வோர் இடத்திலும் அந்தப் புரதத்தின் மூலக்கூறுகளில் எத்தனை விழுக்காட்டில் அசிட்டைல் ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நூற்றில் ஒரு மூலக்கூறுகூட மாறாத இடத்தில், அந்த மாற்றம் நொதியின் வேலையை நிறுத்துகிறது என்று வாதிடுவது கடினம்.

ஒரு மாற்றத்தின் பயன் எப்படி நிறுவப்பட்டது என்பதற்கு, ஐசோசிட்ரேட் என்னும் மூலக்கூறின் மீது வினைபுரியும், பாஸ்பேட் ஏறும் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி நல்ல பாடம். இ.கோலை அசிட்டேட்டை மட்டும் உண்டு வளரும்போது, இந்நொதியின் 113-ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. அதன் எதிர்மின்சுமை ஐசோசிட்ரேட்டை அண்டவிடாமல் தடுப்பதால் நொதி முடங்கி, கார்பன், செல்லைக் கட்டுவதற்கு அதை மிச்சப்படுத்தும் கிளையாக்ஸிலேட் வழியில் திரும்புகிறது. பாஸ்பேட்டை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே புரதம்தான் என்பது இன்றும் எனக்கு வியப்பளிப்பது. அந்தச் செரினை, பாஸ்பேட்டைப் போலவே எதிர்மின்சுமையுள்ள ஆஸ்பார்ட்டேட்டாக மாற்றியபோதும் நொதி செயலிழந்தது. எந்த உணவில், எந்த அமினோ அமிலத்தில், எந்த வினை நிற்கிறது என்ற மூன்றுக்கும் அங்கே விடை இருக்கிறது.

உங்கள் பட்டியலிலிருந்து, உணவு மாறும்போது அசிட்டைல் அளவும் தெளிவாக மாறுகிற ஒரு நொதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த லைசினைக் குளூட்டமினாகவும் (அசிட்டைல் ஏறிய லைசினைப் போன்றது) அர்ஜினினாகவும் (அசிட்டைல் ஏறாத லைசினைப் போன்றது) மாற்றி, மாற்றிய மரபணுவைக் குரோமோசோமில் அதன் சொந்த இடத்திலேயே வைத்து, நொதியின் வேகத்தையும் பாக்டீரியாவின் வளர்ச்சியையும் ஒப்பிடுங்கள். ஆனால் குளூட்டமின் அசிட்டைல் லைசினின் சாயல் மட்டுமே. அது பொருந்தவில்லையென்றால், அசிட்டைல் ஏறிய புரதத்தையே தயாரித்துச் சோதிக்க வேண்டியிருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு ஆண்டு ஆனாலும் அது வீணாகாது.

இன்னொன்று: புரதத்தின் நிறையில் அசிட்டைல் கூட்டுவது 42.011 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு), அதே லைசினில் ஏறக்கூடிய மூன்று மெத்தில் தொகுதிகள் கூட்டுவது 42.047 டால்டன். உங்கள் கருவி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதா என்று தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

கேள்வி: ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தில் ஏறிய பாஸ்பேட் என் மாதிரிகளில் தென்படவே இல்லை. பாக்டீரியாவில் அது மிகுதி என்கிறார்களே?

பதில்: சூழலை உணரும் ஹிஸ்டிடின் கைனேஸ் என்னும் நொதிகளில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிணைப்பு அமிலத்தில் விரைவில் அறுந்துவிடும். வழக்கமான மாதிரித் தயாரிப்போ அமிலத்தில்தான் நடக்கிறது. நடுநிலை அல்லது காரச் சூழலில், குளிரில், நேரம் கடத்தாமல் செய்து பாருங்கள்.