மீற்றரைப் பாருங்கள் தங்கச்சி, பில்லைப் பிறகு பார்க்கலாம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவே வாசித்துவிட்டேன். லண்டனில் அறையை விட்டுக் கணவரோடு புதிதாக ஒரு பிளாற்றுக்கு மாறி ஐந்து கிழமை ஆகிறது, அதற்குள் 'குடியிருப்பவருக்கு' என்று முகவரி போட்டு 342 பவுண்ஸுக்குக் கரண்ட் பில் வந்திருக்கிறது, கட்டாவிட்டால் விசாவில் கை வைப்பார்களா, எந்தக் கம்பனி மலிவு, ரீவி லைசன்ஸ் வேண்டுமா, பல்கலைக்கழகத்தில் படிக்கிற உங்களுக்கும் உள்ளூர்ச் சபைக்குக் கட்டுகிற கவுன்சில் வரி உண்டா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். உடனே எழுதாததற்குக் காரணம், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நான் இப்போது யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் அம்மா வீட்டில் நிற்கிறேன், இரவு பத்து மணிக்கு மேல் விளக்குப் போட்டிருந்தால் அம்மா எழும்பி வந்துவிடுவார்.

இன்று காலை மின்சார சபையிலிருந்து மீற்றர் பார்க்கிறவர் வந்தார். படலையைத் திறந்து வந்து, விறாந்தைச் சுவரில் இருக்கிற மீற்றரை எட்டிப் பார்த்து, அந்த இடத்திலேயே பில்லை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். 59 அலகு, அதாவது யூனிற். 60 தாண்டினால் விலைக் கட்டம் மாறிவிடும் என்பதால் அம்மாவுக்கு அது பெரிய சந்தோசம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உங்களுக்கு எங்கே தடக்குகிறது என்று எனக்கு விளங்கியது. நாங்கள் பிறந்ததிலிருந்து கண்ட பில் இதுதான்: ஒரு ஆள் வந்து கண்ணால் பார்த்து எழுதித் தருவது. அதனால் பில் என்று ஒரு கடுதாசி வந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். லண்டனில் அப்படி நம்பவே கூடாது. அங்கே மாதக் கணக்காக ஒருவரும் மீற்றரைப் பார்க்க வராமலே பில் வரும். பில்லில் மீற்றர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்ரிமேற்றட்' என்று, சில பில்லில் வெறும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து மட்டும், சின்னதாக இருக்கும். இந்த வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு எரித்திருப்பார்கள் என்று கம்பனி குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு அது.

உங்கள் 342 பவுண்ஸையே எடுங்கள். ஒரு யூனிற் கால் பவுண்ஸுக்குக் கிட்ட வருகிறது என்று வைத்தால் அது 1,300 யூனிற்றுக்கு மேல். அங்கே மின்சாரம், காஸ் விலையைக் கட்டுப்படுத்துகிற ஒஃப்ஜெம், ஒரு சாதாரண வீட்டின் முழு வருடக் கரண்ட் பாவனை என்று எடுக்கிற கணக்கே 2,700 யூனிற்றுக்குக் கிட்டத்தான். நீங்கள் இரண்டு பேர், கோடைகாலம், ஹீற்றர் போடவில்லை, ஐந்து கிழமையில் அரை வருடக் கரண்டை எப்படி எரிப்பீர்கள்? இது உங்களுக்கு முன் இருந்தவரின் பாக்கி, அல்லது குத்துமதிப்பு, அல்லது இரண்டும் சேர்ந்தது. தயவுசெய்து ஒரு பென்ஸும் கட்டாதீர்கள், ஆனால் கடிதத்தைத் தூக்கி லாச்சிக்குள் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். எங்கள் சனம் செய்கிற பிழை இந்த இரண்டில் ஒன்றுதான். ஒன்று பயந்து கட்டிவிடுவது, மற்றது பயந்து ஒளித்து வைப்பது. ஒளித்து வைத்தால் அது கடன் வசூலிப்பவரிடம் போய், பிறகு உங்கள் பெயரையும் தேடிப் பிடித்து எழுதத் தொடங்குவார்கள். விசாவைப் பற்றிப் பயப்படாதீர்கள், கரண்ட் பில் பிந்தியதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்புவதில்லை. இது உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலான காசு விசயம்.

செய்யவேண்டியது இதுதான். இன்றைக்கே மீற்றரைப் போய்ப் பாருங்கள். பிளாற் என்றால் மீற்றர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்காது, கீழே படிக்குப் பக்கத்தில் அலுமாரி மாதிரி ஒரு பெட்டிக்குள் எல்லா வீட்டு மீற்றரும் வரிசையாக இருக்கும். அதில் உங்களுடையது எது என்று மீற்றரில் அடித்திருக்கிற தொடர் இலக்கத்தைப் பில்லில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டு மீற்றருக்கு வருடக் கணக்காகக் காசு கட்டிய ஆட்களை எனக்குத் தெரியும். எண்ணும் தொடர் இலக்கமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். வீடு எடுத்த அன்றே எடுத்திருக்கவேண்டும், சரி, ஏஜென்சி தந்த பொருட்பட்டியல் அறிக்கையில் அன்றைய எண் பெரும்பாலும் எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். பிறகு வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் குடிவந்த திகதி இருக்கிற பக்கத்தையும் படத்தையும் சேர்த்து அந்தக் கம்பனிக்கு எழுத்தில் அனுப்பி, இந்தத் திகதியிலிருந்துதான் நாங்கள் பொறுப்பு, இந்த எண்ணிலிருந்து எங்கள் பெயரில் புதுக் கணக்குத் திறவுங்கள் என்று கேளுங்கள். ரெலிபோனில் கதைத்தாலும் பிறகு எழுத்திலும் அனுப்புங்கள். எட்டுக் கிழமைக்குள் அவர்கள் தீர்க்காவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிற எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு இல்லை. கம்பனியின் பிழையால் பில் போடாமல் விட்ட கரண்டுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய காசைக் கேட்க முடியாது என்று ஒரு விதியும் இருக்கிறது, அதை அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள்.

நான் இதை இவ்வளவு சூடாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1999இல் கலியாணம் முடித்து லண்டன் வந்து இறங்கியபோது எனக்கு 23 வயது. ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒரு அறை. வீட்டுக்காரர் எங்கள் ஊர் ஆள்தான். அறைக்குள் காசு போடுகிற மீற்றர் வைத்திருந்தார், ஐம்பது பென்ஸ் நாணயம் போட்டால் கரண்ட் வரும், முடிந்தால் அப்படியே நின்றுவிடும். என் கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. வந்து பத்தாம் நாளோ என்னவோ, நவம்பர் மாதம், இரவு ஒரு மணிக்கு ஹீற்றரும் லைற்றும் சேர்ந்து நின்றன. கையில் ஒரு பவுண்ஸ் நாணயம்தான் இருந்தது, மீற்றர் அதை ஏற்கவில்லை. கதவைத் தட்டி மாற்றித் தாருங்கள் என்று கேட்க வெட்கம். இருட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டையையும் கலியாணக் கூறையையும் சுற்றிக்கொண்டு விடியும்வரை இருந்தேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. எனக்கு அப்போது 14 வயது. ஓஎல், ஏஎல் சோதனை இரண்டுக்கும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தேன். போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அதில் ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு துளி வீணாகாமல் எரிப்போம். சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் மிதிக்க டைனமோவில் றேடியோ கேட்போம். கரண்ட் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். ஆனால் அங்கே இருட்டில் பக்கத்தில் அம்மா, தம்பி, ஒழுங்கை முழுக்கச் சனம் இருந்தது, எல்லோருக்கும் ஒரே இருட்டு. ஈஸ்ற்ஹாமில் வெளியே தெரு முழுக்க வெளிச்சம், என் அறை மட்டும் இருட்டு. அந்த வித்தியாசத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்த மீற்றரில் வீட்டுக்காரர் தானே விலையைக் கூட்டி வைத்திருந்தார் என்பது எங்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வெள்ளைக்காரன் செய்திருந்தால் இவ்வளவு நொந்திருக்கமாட்டேன். இப்போது வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் வாடகைக்காரருக்குக் கரண்ட் விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது, அறையில் இருக்கிற உங்கள் சிநேகிதிகளுக்கும் சொல்லுங்கள். அந்த அறையில் எங்கள் பெயரில் ஒரு பில்லும் இல்லாததால் வங்கியில் கணக்குத் திறக்க எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள், கைத்தொலைபேசி பில்லைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள், கரண்ட், காஸ், தண்ணீர், கவுன்சில் வரி இவற்றில் ஒன்று வேண்டும். ஆகவே பில் உங்கள் பெயரில் வருவது தலையிடி இல்லை, அது உங்களுக்கு வேண்டிய கடுதாசி. பெயரைப் பாஸ்போட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்துக் கொடுங்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. கம்பனிக்காரர் தகப்பன் பெயரிலேயே கணக்கைத் திறந்துவிடுவார்கள். என் கணவருடைய காலம் சென்ற தகப்பனாரின் பெயரில் எங்களுக்கு நாலு வருடம் காஸ் பில் வந்தது.

ஆனால் வேறு ஆட்களுக்காக உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். புதிதாக வந்த பிள்ளைகளைப் பிடித்து, "தங்கச்சி, பில்லை உங்கட பெயரில போடுவம், நாங்கள் பங்கு தருவம்" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் வேறு வீடு போய்விடுவார்கள், கடன் உங்கள் பெயரில் நிற்கும். இன்னும் சிலர் காசு தந்தால் மீற்றரை மெதுவாக ஓடப்பண்ணித் தருகிறேன் என்று வருவார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது களவு, அதைவிட வீடு எரிந்துபோகும்.

முன்காசு கட்டுகிற மீற்றர் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் பழைய ஆள் விட்டுப்போன, மீற்றருக்குக் காசு ஏற்றுகிற சாவியோ காட்டோ கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு தமிழ்க் கடைக்குப் போய்க் காசு ஏற்றாதீர்கள். அதில் அவருடைய கடன் ஏறியிருந்தால் நீங்கள் போடுகிற ஒவ்வொரு பத்துப் பவுண்ஸிலும் ஒரு பங்கு அந்தக் கடனுக்குப் போகும். கம்பனியிடம் கேட்டுப் புதுச் சாவி எடுங்கள். காஸ் மீற்றர் முன்காசு என்றால் கோடையில் பாவிக்காவிட்டாலும் நாள் கட்டணம் சேர்ந்துகொண்டே இருக்கும், ஒக்ரோபரில் குளிர் வந்து நீங்கள் காசு ஏற்றினால் முதலில் அதை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைத் தரும். அதனால் இப்போதே கிழமைக்குக் கொஞ்சம் போட்டு வையுங்கள்.

காஸ் பில்லில் இன்னொன்றும் பார்க்கவேண்டும், இது நானே கண்டுபிடித்தது. 2003இல் இரண்டாவது வீட்டில் காஸ் பில் எப்போதும் எக்கச்சக்கமாக வந்தது. இவர் குளிர் நாடு என்றால் அப்படித்தான் என்று கட்டிக்கொண்டிருந்தார். நான் ஏஎல்லில் கணிதம் படித்தவள், ஒருநாள் பில்லையும் மீற்றரையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீற்றரில் கன மீற்றர் என்று இருக்கிறது, பில்லில் நூறு கன அடி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பழைய மீற்றரைக் கழற்றிப் புதிது பூட்டியபோது தங்கள் பதிவில் மாற்ற மறந்துவிட்டார்கள். நூறு கன அடி என்றால் 2.83 கன மீற்றர், அதாவது எரித்ததைப்போல மூன்று மடங்குக்குக் கிட்ட அறவிட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 300 பவுண்ஸ் வரவேண்டிய இடத்தில் 850. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கக் கடிதம் நானே எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு 500 பவுண்ஸுக்கு மேல் திரும்பி வந்தது. அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பில் எல்லாம் என் கையில்தான். முப்பது வருடம் அங்கே இருந்தும் கடிதம் வந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை பிரிக்காமல் வைத்திருக்கிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அந்தப் பிள்ளைக்கு வயது ஒன்பது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தக் கம்பனி மலிவு என்பதை இப்போது விடுங்கள், முதலில் கணக்கு உங்கள் பெயரில் சரியாக வரட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒஃப்ஜெம் போடுகிற விலை உச்சவரம்பு மாறுகிறது, பிறகு ஆறுதலாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். கவுன்சில் வரிக்கு, முழுநேரம் படிக்கிறதற்கான அத்தாட்சியைப் பல்கலைக்கழகத்தில் எடுத்துக் கவுன்சிலுக்கு நீங்கள்தான் அனுப்பவேண்டும், தானாக நடக்காது, கணவரின் நிலையையும் அவர்களிடமே கேளுங்கள். ரீவி லைசன்ஸ், நேரலையாகவோ பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரிலோ பார்க்காவிட்டால் தேவையில்லை.

குளிருக்கு முன் சுடுதண்ணீர்த் தாங்கியின் ஆளி எங்கே என்று பாருங்கள். மூன்று கிலோவாற் சாமான், மணிக்கு மூன்று யூனிற் குடிக்கும், நாள் முழுக்கப் போட்டு விடாதீர்கள். ஆனால் காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று ஹீற்றரே போடாமல் சுவரில் பூஞ்சணம் பிடிக்கவிடவும் வேண்டாம், அந்த முதல் குளிர்காலத்துக்குப் பிறகு எனக்கு வந்த இழுப்பு இன்னும் முழுதாக விடவில்லை.

மீற்றர்ப் படத்தை எடுத்ததும் எனக்கும் அனுப்புங்கள், கம்பனிக்கு எழுதுகிற கடிதத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். தேருக்கும் தீர்த்தத்துக்கும் நான் கோவிலில்தான் நிற்பேன், இரவில் பதில் போடுவேன். நீங்களும் கோப்பாய் என்று எழுதியிருந்தீர்கள், அம்மா எந்தப் பக்கம் என்று சொன்னால் போகிற வழியில் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். கொடுத்துவிட ஏதும் சாமான் இருந்தாலும் கட்டித் தரச் சொல்லுங்கள், எனக்கு ஐந்து கிலோ இடம் இருக்கிறது.